நெதெல்கா கோட்டை பார்க்கப் போன கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினியில் ஒரு விசையை அழுத்தியதிலிருந்து வந்தது. அழுத்தியவன் நான்.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் ருசே நகரில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், இருபத்திரண்டு வருடமாக அச்சும் நகலும் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மாணவர்களின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, சுற்றுலாத் துண்டறிக்கை எல்லாம் வரும். ஆனாலும் கடையைத் தாங்கி நிற்பவர்கள் செத்தவர்கள்தான். இங்கே ஒருவர் இறந்தால் படம் போட்டு அஞ்சலித் தாள் அடித்து வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான். அளவு சின்னது, கட்சிக்காரர் படம் இருக்காது. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று விடாமல் ஒட்டுவார்கள். தாளின் அடியில் துக்கப்படுகிறவர்களின் பெயர்கள் வரும். அதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைத் தெருவே நின்று படிக்கும்.

அடுத்த சந்தில் இருக்கும் நெதெல்கா, போன வருடம் தன் கணவர் பென்சோவின் நாற்பதாம் நாள் தாளுக்காக வந்தார். பென்சோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். படம், தேதி, சிலுவை எல்லாம் வைத்துவிட்டேன். அடியில் 'மனைவி நெதெல்கா, மகன் பிளாமென்' என்று அடித்திருந்தேன்.

"இந்தப் பேர எடுத்துடு தம்பி."

"அக்கா, இது உங்க மகன் பேரு."

"யார் பேருன்னு எனக்குத் தெரியாதா? அப்பனுக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன் பேரு அப்பன் படத்துக்குக் கீழ எதுக்கு?"

இரண்டாம் முறையும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டிருக்க வேண்டும். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எடுத்துவிட்டேன். பட்டியல் என்று ஒன்று இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டு தாள் அடித்தோம். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து பிளாமெனுக்கு அனுப்பிவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம், ருமேனியாவில், சினாயா என்ற மலையூரில் ஒரு விடுதியில் சமையல்காரனாக இருக்கிறான் பிளாமென். அன்றிலிருந்து அம்மாவின் அழைப்பை அவன் எடுப்பதில்லை.

இந்த வருடம் மார்ச் கடைசியில் அவர் மறுபடி வந்தார். வருடத் தாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மகன் பெயரைச் சேர்த்து ஒரே ஒரு மாதிரித் தாள் அடித்து வாங்கி, பைக்குள் மடித்து வைத்தார்.

"சனிக்கிழமை டூர் போறேன். கோட்டை பாக்க."

எப்போதிலிருந்து உங்களுக்குக் கோட்டையெல்லாம் என்று நான் கேட்கவில்லை. அவர் எந்த ஊர்க் கோட்டை என்று சொல்லவும் இல்லை.

2

தொடக்கங்கள்.

அ) "டான்யூப் நதியின் மேல் விடியல் மெல்ல—" வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆற்றின் மேல் விடியலை நான் பார்த்ததே இல்லை, கடை ஒன்பது மணிக்கு.

ஆ) "தன் மகனிடம் அனுமதி கேட்க ஒரு தாய்—" இது எனக்கே அழுகை வரவைக்கும் போலிருக்கிறது. ஆகாது.

இ) "நெதெல்கா கோட்டையைப் பார்க்கப் போகவில்லை." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கோட்டையையும் பார்த்தாள். பொய் சொல்லித் தொடங்க முடியாது.

(கவனித்தீர்களா, 'அவர்' இப்போது 'அவள்' ஆகிவிட்டார். கடையில் அவர் எனக்கு அக்கா. கதைக்குள் மரியாதை விகுதியைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷியின் நெஞ்சுக்குப் பக்கத்தில் போக எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்.)

நான் அந்தப் பேருந்தில் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி ஸோர்னித்சா தன் துண்டறிக்கைகளை என்னிடம்தான் அச்சடிப்பாள். அவள் சொன்னது பாதி, நெதெல்கா சொன்னது கால். மீதியை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்று முடிந்தவரை சொல்கிறேன்.

3

பேருந்து காலை ஆறு மணிக்கு சினாயாவுக்குக் கிளம்பியது.

இந்த இடத்தில் எல்லைச் சோதனைக் காட்சி ஒன்று வைத்திருந்தேன். வண்டியில் ஏறிய அதிகாரி "எதுக்குப் போறீங்க?" என்று கேட்பார், நெதெல்காவின் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பையில் இருக்கும் தாள் வெளியே விழும். இரண்டு பக்கம், என் கை எழுதியதிலேயே உருப்படியான இரண்டு பக்கம். எழுதிய பிறகுதான் உறைத்தது, எல்லையில் இருக்கும் ஆற்றுப் பாலத்தில் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள் என்பது. பேருந்து நிற்காமல் போய்விட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம், எனக்கு இரண்டு பக்கம் நஷ்டம்.*

(* எல்லையில் மணிக்கணக்கில் கிடந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். எழுத்தாளன் புத்தி, விடுங்கள்.)

அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாளை உட்கார வைத்தேன். பிறகு ஆள் அதிகம் என்று நீக்கினேன். நீக்கிய கையை ஒருகணம் பார்த்தேன். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் வேண்டாம், மடியில் பலகாரப் பொட்டலம் இருக்கட்டும். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்று ஸோர்னித்சா ஒலிபெருக்கியில் சொல்லி முடிப்பதற்குள், பாலாடைக்கட்டி வைத்த சுருள் அப்பம் நாலு வரிசைக்குக் கைமாறியிருந்தது.

"தனியாவா வந்தீங்க?" என்றாள் பொட்டலக்காரி.

"ஆமா."

"கோட்டை பாக்கவா?"

"பின்ன எதுக்கு இந்த வண்டியில வருவாங்க?"

நெதெல்காவுக்குப் பயமாக இருந்தது. ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ரயிலில் போனால் மகனைப் பார்க்கத்தான் போகிறாள் என்று ஆகிவிடும். அவன் முகம் கொடுக்காவிட்டால் திரும்பும் வழியெல்லாம் அவள் மகன் துரத்திய தாயாக இருக்க வேண்டும். டூரில் போனால் கோட்டை பார்த்த பெண்ணாகத் திரும்பி வரலாம். நுழைவுச்சீட்டைக்கூடக் காட்டலாம். இந்த அளவுக்கு யோசித்திருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

4

கோட்டையைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை, அவளுக்கும் பார்க்க ஆசையில்லை. செருப்பின் மேல் நீல உறை மாட்டிக்கொண்டு, செதுக்கிய மரமும் கண்ணாடியுமாக அறை அறையாக நடந்தார்கள். இரண்டு முறை கைப்பையைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு ராஜா இத்தனை அறையில் எதில் படுத்தான் என்று யாரோ கேட்டார். கழிவறை எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள்.

வெளியே மரநிழலில் இன்னும் பனி கிடந்தது. ஸோர்னித்சா கூட்டத்தை நிறுத்தினாள்.

"இப்ப ஊருக்குள்ள முக்கால் மணி நேரம் உங்க இஷ்டம். நாலரைக்கு ஸ்டேஷன் பக்கத்துல வண்டி. கால் மணி நேரம் பாப்பேன், அதுக்கு மேல ராஜாவே வந்தாலும் நிக்காது. என் நம்பர் சீட்டுல இருக்கு."

எல்லோரும் கலைந்த பிறகு நெதெல்கா பக்கத்தில் வந்தாள்.

"இந்த விடுதி எங்கம்மா இருக்கு?" என்று ஒரு பெயரைக் காட்டினாள்.

"அங்க சாப்பாடு விலை ஜாஸ்தி அக்கா. கீழ நல்ல கடை இருக்கு, சொல்லட்டா?"

"சாப்பிட இல்ல. பின்பக்கக் கதவு எங்க இருக்கும்? சமையக்கட்டுக்கு."

ஸோர்னித்சாவுக்குப் பதினாறு வருட அனுபவம். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. தெருமுனை வரை கூடவே வந்து கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

5

இங்கேதான் நான் மூன்று நாள் சிக்கிக்கொண்டேன்.

அ) பிளாமென் அன்றைக்கு விடுப்பு. அவள் தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத் திரும்புகிறாள். எழுதுகிறவனுக்குச் சிரமமே இல்லாத முடிவு. அதனாலேயே தள்ளினேன்.

ஆ) பிளாமென் கதவை முகத்தில் அறைந்து சாத்துகிறான். அவனைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். சாத்துகிற ஆளில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிற ஆள், அதுதான் கொடுமை.

இ) நெதெல்கா தொலைபேசியில் எனக்குச் சொன்னது. என் சரக்கு குறைவு.

அம்மாவைப் பார்த்ததும் அவன் மேலங்கியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"எப்படி வந்த?"

"டூர்ல. கோட்டை பாக்க."

"கோட்டை அந்தப் பக்கம்."

"பாத்தாச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நெறைய நாற்காலி. ஒண்ணுலகூட உக்கார விடல."

அவன் ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவன் அப்பாவின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அடிவரிக்கு வந்தான்.

"இப்ப மட்டும் எதுக்கு என் பேரு?"

"ஏன்டா வரல நீ?"

"அப்பாதான் சொன்னாரு. கடைசியா போன்ல சண்டை போட்டப்ப. என் சாவுக்குக்கூட வராதேன்னு. வாழ்க்கையில ஒரு தடவையாவது அவர் பேச்சக் கேப்போம்னு இருந்தேன்."

"கோவத்துல சொன்னதுடா அது. கோவம் வந்தா அந்த மனுஷன் கிரேனையே ஆத்துல தள்ளிடுவேம்பாரு."

"நீ அச்சடிச்சதும் கோவத்துலதானே?"

"ஆமா."

"பன்னெண்டு எடத்துல ஒட்டியிருக்க."

"ஒட்டினேன். மறுநாளே கிழிச்சுப் போடலாம்னு போனேன். கிழிச்சா அவர் படமும் சேந்து கிழியுது. என்னால முடியல."

உள்ளேயிருந்து யாரோ ருமேனிய மொழியில் அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று கத்தினான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். தன் பெயரை அடித்துவிடப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அந்த நிமிஷம் தன் உயிர் தன்னிடம் இல்லை என்று என்னிடம் சொன்னாள். அவன் அடிக்கவில்லை. தாளைச் சுவரில் வைத்து, தன் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தான்.

'பேத்தி இலிங்கா.'

"யாருடா இது?"

"நாலு மாசம் ஆச்சு."

 அவள் அடுத்துக் கேட்டதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அஞ்சலித் தாளோடு வாழ்கிறவர்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

"அவரு போனப்புறம் பொறந்ததுடா. பேரு போடலாமா?"

"அவரு அவளப் பாக்கலன்னா என்ன? இவ அவரப் பாக்கட்டும். படம் இருக்குல்ல?"

(இந்தக் குழந்தையை நான் உண்டாக்கினேன் என்று சந்தேகப்படுவீர்கள். எனக்கே சந்தேகம்தான். முடிவில் குழந்தையைக் கொண்டுவந்து வைப்பது மலிவான வேலை என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் அந்தப் பேனா வரியின் படம் என் கைபேசியில் இருக்கிறது.)

"வீடு எங்க?"

"மேல. அரை மணி நேரம் ஏறணும். உன் வண்டி எத்தன மணிக்கு?"

அப்போது மணி நாலு பத்து.

6

வண்டியில் வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். நாலே முக்காலுக்கு ஸோர்னித்சா எண்ணினாள். நாற்பத்தொன்று. வழக்கமாக அவள் ஒருமுறைதான் எண்ணுவாள். அன்றைக்கு வரிசை வரிசையாக, தலையைத் தொடாத குறையாக, மறுபடி எண்ணினாள். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கினாள். அவளுக்கு எண்ணிக்கை தவறாது.

"எண்ணி எண்ணி ஆளு முளைக்காது ஸோர்னித்சா," என்றார் ஓட்டுநர். வண்டியை உறும விட்டார்.

பொட்டலக்காரிக்குப் பசி போய்விட்டது. "அந்தம்மா பாவம், ஏதோ மாதிரி இருந்தாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் பாரும்மா," என்றாள். (இவளை நீக்காமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.)

ஸோர்னித்சாவின் கைபேசி அடித்தது. மூச்சிரைக்கும் குரல்.

"நெதெல்கா பேசறேன். என்னை எண்ணாதீங்க, நீங்க போங்க."

"எங்க அக்கா இருக்கீங்க? வழி தவறிட்டீங்களா?"

"இல்லம்மா. என் பேத்தி வீட்டுக்குப் படியேறிட்டு இருக்கேன்."

ஸோர்னித்சா ஒலிபெருக்கியை எடுத்து, எல்லோரும் இருக்கிறார்கள் என்று அறிவித்தாள். வேலையில் அவள் சொன்ன ஒரே பொய் அது என்று கடையில் நின்று சொல்லிச் சிரித்தாள். எனக்கென்னவோ பொய்யாகப் படவில்லை.

7

இதை எழுதுவது வியாழக்கிழமை. பென்சோவுக்கு நாளை மறுநாள், சனிக்கிழமை, வருடம் திரும்புகிறது. நெதெல்கா இன்னும் ஊர் திரும்பவில்லை. திங்கட்கிழமை தாளின் படத்தை அனுப்பி, இப்படியே அடி என்று சொல்லியிருந்தாள். அடித்துவிட்டேன். மனைவி, மகன், பேத்தி. பன்னிரண்டு தாள், மேசையில் இருக்கின்றன.

இன்று காலை அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு உதவி. நீயே போய் ஒட்டிடறியா? குழந்தைக்குச் சளி. இவனுக்கு லீவு கெடைக்குமா தெரியல. வருவோமான்னு—"

கதைக்கு அது சௌகரியமான முடிவு. நான் தெருவில் இறங்கி, பன்னிரண்டு இடத்தில் ஒட்டி, நான் செய்த தப்பை நானே சரிசெய்துவிட்டு வீடு திரும்பலாம். கடைசி வரிகூடத் தயாராக இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் பெயர் இருக்கிறவர்கள்தான் ஒட்டுவார்கள். அந்தத் தாளில் என் பெயர் இல்லை.

"நான் ஒட்ட மாட்டேன் அக்கா. உங்க வீட்டு ஆளு வந்து ஒட்டட்டும்."

 கோபித்துக்கொண்டாள் என்று பயந்தேன், நிஜமாகவே பயந்தேன். பிறகு அவள் நான் சொன்னதை அப்படியே யாரிடமோ திருப்பிச் சொன்னாள். ஒரு குழந்தை இருமியது. ஓர் ஆண்குரல் கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டது:

"கடையில டேப் இருக்குமான்னு கேளும்மா. இல்ல நான் வாங்கிட்டு வரணுமா?"

இருக்கிறது, நிறைய இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமையை நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை ஒரு வீட்டின் பெயர்ப் பட்டியலில் கைவைத்தவன் நான், அது போதும். நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்: ஒருவர் வருகிறாரா, மூன்று பேர் வருகிறார்களா, குழந்தையை யார் தூக்கிக்கொள்கிறார்கள், முதல் தாளை எந்தக் கதவில் ஒட்டுகிறார்கள். கடையை மட்டும் அன்றைக்கு ஏழு மணிக்கே திறந்து வைக்கிறேன்.