ஒரு ஜோடி குறைகிறது

டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பெயர் கூப்பிடுவது என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் பெயரையெல்லாம் தொண்டை வறளக் கூப்பிடுவேன். என் பெயரைக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. அதனால்தான் இந்த லீவில் யாரிடமும் மூச்சு விடாமல் மலையேறக் கிளம்பினேன். ஆளைக் காணோமே என்று எவராவது தேடுகிறார்களா, பார்த்துவிடுவோம் என்ற வீம்பு. ஐம்பது தாண்டியவளுக்கு இது தேவையா என்றால், தேவைதான்.

சிக்னல் கடைசியாகக் கிடைத்த வளைவில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை. தங்கையிடமிருந்தும் இல்லை. டாக்டர் மட்டும் மருந்து அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டிருந்தார். பதில் போட்டுவிட்டு மேலே நடந்தேன்.

மரமே முளைக்காத உயரத்தில், பாறையில் முதுகைச் சாய்த்து நின்றது மலைக்குடில். வாசலை ஒட்டிய சின்ன அறையில் சுவர் முழுக்க மரத்தட்டுகள், அவற்றில் முன்னால் வந்தவர்களின் சேறு காயாத பூட்ஸ்கள். குடில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பச்சைக் கம்பளித் தொப்பியில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. நானே பின்னியது. நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

"பூட்ஸ இந்தத் தட்டுலயே விட்டுடுங்க. அந்த ரப்பர் செருப்பப் போட்டுட்டு உள்ள போங்க. பூட்ஸ் உள்ள வரவே கூடாது."

தரை அழுக்காகிவிடும் என்று சொல்கிறார் போலும். ஆனால் நான் ஒரு கல்யாண மண்டபத்தில் புதுச் செருப்பைப் பறிகொடுத்து, வெறுங்காலோடு பஸ் ஏறியவள். சூடு கண்ட மனசு. அவர் அடுப்பைக் கவனிக்கப் போன சமயம் பார்த்து, பூட்ஸைப் பையில் சுருட்டி உள்ளே கடத்திவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். கால் கொப்புளத்தைப் பற்றிக்கூடச் சிரித்துச் சிரித்துப் பேச அவர்களுக்கு ஆள் இருந்தது. நான் பெஞ்சின் ஓரத்தில் சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன். "அந்த உப்பக் கொஞ்சம் தள்ளுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தள்ளினேன். அந்த மேஜையில் என்னிடம் பேசியவர்கள் கணக்கு அத்தோடு முடிந்தது.

மேல் அடுக்குப் படுக்கையில் கடைசி மூலை எனக்கு. பூட்ஸ் பையைத் தலைமாட்டில் வைத்து, தொப்பியோடு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். காற்று கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. இங்கேயே விறைத்துப் போனாலும் லீவு முடிந்து கிளினிக்கில் என்னைத் தேடும்வரை ஒருவருக்கும் தெரியாது என்று தோன்றியது. அழுதேன்.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே விசில். ஜன்னல் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் ஓடி மறைந்தது. எட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். எந்தப் புண்ணியவதியோ, இந்தக் குளிரிலும் அவளைத் தேட ஆள் இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"யாரத் தேடுறாங்க?" என்று இருட்டில் பக்கத்துப் படுக்கையைக் கேட்டேன்.

"தனியா வந்த ஒரு அம்மாவாம்," என்றது ஒரு பெண் குரல். "பச்சைத் தொப்பியாம். குடில்காரர் படுக்கறதுக்கு முன்னாடி தட்டுல பூட்ஸ எண்ணுவாரு. ஒரு ஜோடி குறையுதுன்னாரு. பூட்ஸ் இல்லன்னா ஆள் வெளிய இருக்காங்கன்னுதானே அர்த்தம். பாவம், எந்தப் பள்ளத்துல விழுந்தாங்களோ."

என் கை தானாகத் தலைக்குப் போனது.

எப்படி இறங்கினேன், பூட்ஸை எப்படி மாட்டினேன் என்று தெரியாது. கதவைத் திறந்ததும் பனி முகத்தில் அறைந்தது. மேட்டுச் சரிவில் டார்ச் வெளிச்சம் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"பச்சைத் தொப்பிம்மா... எங்கம்மா இருக்கீங்க..."

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். குடில்காரர் கால் வைத்திருந்த இடம் அப்படி, வழுக்கினால் பள்ளம்தான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.

கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"இங்க இருக்கேன்," என்றேன். கிளினிக் ஹால் முழுக்கக் கேட்கிற என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "இங்க இருக்கேன்!"

அவர் இறங்கி வந்தார். மீசையில் பனி, உள்ளங்கையில் சிராய்ப்பு. டார்ச்சை என் காலுக்கு அடித்தார். சேறு காய்ந்து, பனியில் நடந்த ஈரமே இல்லாமல் இருந்த பூட்ஸைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்கு அறிவிருக்கா? கழட்டுங்க. தட்டுல வைங்க."

வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், அவர் காதில் வாங்கவில்லை. டார்ச்சை உயர்த்தி, முதல் தட்டிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். உள்ளே போங்க என்று சைகை காட்டினார். என் ஜோடியை அவர் எண்ணும்வரை நான் உள்ளே போகவில்லை.