மலைக்குப் போகாத மொட்டை

பஸ் ஸ்டாண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மழித்த தலை கண்ணில் பட்டால் போதும், கை தானாகக் கிண்ணத்துக்குள் போய்விடும். அந்தச் சனிக்கிழமை உச்சி வெயிலில் யோகலட்சுமியின் முக்காடு காற்றில் விலகியதுதான் தாமதம், "குளிர்ச்சிம்மா, பூசிக்க" என்று உச்சந்தலையில் ஒரு கை அப்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மூன்று ஊசி ஏறிய உடம்பு அது. தோசைக்கல்லாகக் காய்ந்துகிடந்த தலையில் அந்தக் குளிர்ச்சி இறங்கிப் பிடரிவரை பரவியபோது கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். "அரோகரா" என்றார் அவர். சந்தன மரத்தை உண்டாக்கியவர் யாரென்று அவளுக்குத் தெரியும், அதனால் மனசு துளியும் உறுத்தவில்லை. எதிர்ப்பக்கம் பழக்கடையில் நின்றபடி, அவள் போகிற அதே சபைக்கு வரும் சந்திரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியாது.

வேறு ஊரில் ஒரு பெண்பிள்ளை மொட்டைத் தலையோடு நடந்தால் நாலு பேர் நின்று என்ன ஏது என்று விசாரிப்பார்கள். திருத்தணியில் அந்தத் தொல்லை இல்லை. "வேண்டுதலா?" என்பார்கள், அவள் சிரித்துவைப்பாள், அதோடு முடிந்தது. அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "முருகன் நல்லா வச்சிருப்பான்" என்று வாழ்த்திவிட்டே அளவு கொடுத்தார்கள். முதல் ஊசி முடிந்து பதினைந்தாம் நாள் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தபோது, மிச்சத்தை மழித்துவிட்டவர் புருஷன் கோதண்டம்தான். கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து மழித்துக்கொண்டே, "யாருனா கேட்டா மொட்டன்னு சொல்லிக்கலாம். நம்ம ஊர்ல அது ஒரு வசதி" என்றார். அவர் கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவர். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மொபெட்டில் கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிடுகிறவரும் அவரே. சாமிக்காக அந்த வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வருவதெல்லாம் குழம்பின் உப்புக்குத்தான்.

மார்பில் இருந்த கட்டிக்கு டாக்டர் பெயர் சொன்ன அன்று, கோதண்டம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். யோகலட்சுமிக்கும் பயம்தான். முதல் ஊசியின்போது அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி, என்ன விட்டுடு ஆண்டவரே, விட்டுடு ஆண்டவரே என்று மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களின் பெயரைக் கேட்டு அவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள். மணவூர்க்காரி ஒருத்தி, அரக்கோணத்து ரயில்வே கலாசி ஒருவர், பெயர் சொல்லக்கூடத் தெம்பில்லாத ஒரு சின்னப்பெண். நாலாவது பெயருக்குப் போகும்போது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரோ தன் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிழைப்பேனா என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஆண்டவர் கூடவே இருந்தார், அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் முள். நகரியில் கட்டிக்கொடுத்த மகள் தேவிப்பிரியாவுக்கு ஆறாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போனதிலிருந்து, அதிர்ச்சியான சேதி எதுவும் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தை பிறக்கிறவரை மூச்சுவிடக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். போன் கேமரா கெட்டுப்போச்சு, வீடியோ காலில் வரமுடியாது என்று யோகலட்சுமி பொய் சொன்னாள். சபையிலும் வாயைத் திறக்கவில்லை. காரணம் சந்திரா. அவளுடைய அக்கா மகனைத்தான் தேவிப்பிரியா கட்டியிருந்தாள். காலையில் சந்திரா காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் நகரி போய்ச் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை யோகலட்சுமி உள்ளே நுழைந்ததும் சந்திரா தன் பாயை இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா யோகா, மலைக்குப் போயி மொட்ட போட்டுகினு, இங்க வந்து முக்காடு போட்டு உக்காந்தா ஆண்டவருக்குத் தெரியாதா? சந்தனத்தோட என் கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது மெய்தான் சந்திரா. நெனச்சதுதான் தப்பு."

"அப்ப எதுக்கு மழிச்ச, சொல்லேன்."

யோகலட்சுமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் பாயில் உட்கார்ந்தாள். அதற்குள் சபை முழுக்க விஷயம் பரவியிருந்தது. விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டாள் என்ற பேச்சு பாய்க்குப் பாய் தாவியது. பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தபோது பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சிஸ்டர், ஜனங்க மனசுல ஒரு கேள்வி இருக்குது. நீங்களே எழுந்து ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லாருக்கும்."

சொன்னால் மகளுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால், பதினோரு வருடம் அழுது சிரித்து மண்டியிட்ட இடம் அவளுக்கு அந்நியமாகிவிடும். எழுந்து நின்றாள். அந்த நாற்காலி இங்கேயும் பக்கத்தில்தான் இருந்தது.

"நான் மலைக்குப் போவல பாஸ்டர். காரணத்த இன்னிக்கு சொல்ல முடியாது, மூணு மாசம் போனா நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க என்ன எப்டி நெனச்சாலும் சரி. அவருக்குத் தெரியும்."

உட்கார்ந்தாள். யாரும் நம்பிவிட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்தான்.

அப்போது வாசலில் கோதண்டத்தின் மொபெட் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலை ஒரு கையிலும் வயிற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தேவிப்பிரியா உள்ளே வந்தாள். நெற்றியில் குங்குமம், தலைநிறைய மல்லி. இந்த வாசலை அவள் மிதித்தது இதுதான் முதல் தடவை. நேராக வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஏய் தேவி, வயித்துப் புள்ளையோட பஸ்லயா வந்த?" என்று பதறினாள் சந்திரா.

"ஆங், பஸ்லதான். ஸ்டாண்டுலேந்து நைனா கூட்டியாந்தாரு. நேத்து நீ போன் பண்ணப்பவே கெளம்பியிருக்கணும் சின்னத்தை." அவள் குரல் ஏறவில்லை. "எங்கம்மா மலைல மொட்ட போட்டுச்சின்னு சொன்ன இல்ல? என் கல்யாணமே மலைமேலதான் நடந்துச்சி. அப்பவே சந்நிதிக்குள்ள வராம, வெளிய வெயில்ல நின்னுகினு எனக்காக ஜெபம் பண்ண பொம்பள அது. அதுவா போயி மொட்ட போடும்?"

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எத்தினி ஊசி ஆச்சும்மா?"

இத்தனை நேரம் கலங்காத யோகலட்சுமிக்கு அங்கேதான் உடைந்தது. "மூணு" என்றாள். மூன்று விரலையும் காட்டினாள். "நைனா சொல்லிட்டாரா?"

"நைனா வாயே தொறக்கல. சாமிக்குக் குடுக்காத முடி வேற எதுக்குப் போவும்? ராத்திரியெல்லாம் யோசிச்சிப் பாத்தேன். வீடியோ கால் வேணாம்னு நீ சொன்னதும் ஞாபகம் வந்துச்சி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். உன் பேரப்புள்ளயும் நல்லாத்தான் இருக்குது. பாரு." அம்மாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

சந்திரா தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து, பாயைச் சத்தமில்லாமல் இழுத்து, யோகலட்சுமியின் பாயோடு ஓரம் சேர்த்தாள்.

பாஸ்டர் பாடலாம் என்று கைகாட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். தாயும் மகளும் மட்டும் எழவில்லை. தேவிப்பிரியா அம்மாவின் முக்காட்டை விலக்கி, ஐஸ் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துச் சில்லிட்டிருந்த உள்ளங்கையை அந்த வெறும் தலையில் வைத்தாள். மூன்று பாட்டு முடிகிறவரை அதை அவள் எடுக்கவில்லை.