மூன்றாவது கீறல்

கடைக்காரர் குறைகளைத் தானாகவே சொல்ல ஆரம்பித்ததும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. விற்கிறவர் தன் சரக்கின் குறையைத் தானே எடுத்துச் சொன்னால், சொல்லாத ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. அவளை முதன்முதலில் கல்லூரியில் சேர்த்துவிட்ட ஆளும் இப்படித்தான் பேசினார். "ஹாஸ்டல் சாப்பாடு சுமார்தாம்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். சாப்பாடு சுமார்தான். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். அதைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால் அவளுக்கு ஒரு வருடம் மண்ணாய்ப் போனது.

"மொத்தம் மூணு கீறல்மா" என்றார் கடைக்காரர், ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிளை விரலால் தொட்டுத் தொட்டு. "சீட்டுக்குக் கீழ ஒண்ணு. செயின் உரசினது ஒண்ணு. ஹேண்டிலுக்குக் கீழ, இந்தக் குழாய்ல ஒண்ணு. எங்கயாவது சுவத்துல சாத்தும்போது பட்டிருக்கும்."

ஓடுதளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த பழைய சைக்கிள். பிரேக் கிடையாது, கியர் கிடையாது; சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். வந்த காலத்திலேயே மலிவான மாடல். உசத்தியான சைக்கிளை ஒரு விரலில் தூக்கலாம், இதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆனால் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெளிறிய நீல வண்ணம், ஓரங்களில் கையால் இழுத்த வெள்ளைக் கோடு, பின்சக்கரம் ஃபிரேமை முத்தமிடுகிற மாதிரி ஒட்டி நிற்கிற இறுக்கம். தங்கை சின்னவள் ஏற்கெனவே அதில் மயங்கிவிட்டாள். நோட்டமிட வந்தவள் கையால் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கைய எடு" என்றாள் பெரியவள்.

"தொட்டா தேஞ்சிடுமாக்கும்."

"நீ தடவுறதப் பாத்தே விலை ஏறும்டி."

கடைக்காரர் சிரித்தார். பெரியவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாநில சைக்கிள் பந்தய அணிக்கான தேர்வு. சைக்கிள் அவரவர் கொண்டுவர வேண்டும். சின்னவளுக்கு இரவல் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அக்கா தங்கை கைக்கு எட்டுகிற விலையில் ஊரிலேயே இது ஒன்றுதான் இருந்தது. ஆனால் போன வருடம் பந்தயத்தில் முன்னால் போன பெண்ணின் சைக்கிளில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஓட்டத்தின் நடுவே முறிந்தது. அவள்மேல் ஏறி விழுந்து சின்னவளின் காறையெலும்பு உடைந்தது. அதனால் பெரியவள் கைப்பையில் நூல்கண்டும் உப்புத்தாளும் துணியும் இரண்டு ஸ்ப்ரே டப்பாக்களும் கொண்டு வந்திருந்தாள். இரும்புப் பாகங்களில் விரிசல் தேடுவதுதான் அவள் வேலை.

முதலில் நூல். பின்சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து ஹேண்டில் இறங்கும் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் இடைவெளியை அளந்தாள். சமம். ஃபிரேம் கோணவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஆடாமல் அசையாமல் சுற்றியது. எல்லாம் சரியாக இருக்க இருக்க அவளுக்கு எரிச்சல் ஏறியது.

அப்போதுதான் ஃபோர்க்கின் தலையில் கண் நின்றது. மற்ற இடமெல்லாம் நீலம் வெளுத்திருக்க, அங்கே மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புதுசாக மினுங்கியது.

"இது என்ன அண்ணா, நாலாவது கீறலா?"

"அது சும்மா, பெயின்ட் போயிருந்துச்சு, தொட்டு விட்டேன்."

"சுரண்டிப் பாக்கறேன்."

"வேணாம்மா. பெயின்ட் போச்சுன்னா அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க."

"நாங்க வாங்கறதுக்குத்தான வந்திருக்கோம்."

அவர் பதில் சொல்வதற்குள் உப்புத்தாள் ஓட ஆரம்பித்துவிட்டது. வண்ணம் போனது, அடியில் வெள்ளைப் பசை வந்தது, அதையும் நோண்டினால் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை. பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே வீட்டில் அவளுக்கு சிஐடி என்று பெயர்.

கடைக்காரர் பிடரியைச் சொறிந்தார். "என் பொண்ணு இதுலதான் டியூஷன் போவா. ரோட்டுல பிரேக் இல்லாம எப்படி விடறது? நாந்தான் ஓட்டை போட்டு பிரேக் மாட்டினேன். போன வாரம் அவளுக்குப் புதுசு வந்திடுச்சு, இத விக்கலாம்னு அடைச்சேன். ஓட்டை போட்ட ஃபோர்க்னா பழைய சைக்கிள் பைத்தியங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"எங்களப் பாத்தா பழைய சைக்கிள் பைத்தியம் மாதிரியா இருக்கு?"

"உங்க தங்கச்சியப் பாத்தா இருக்கு."

பெரியவள் துளையைச் சுற்றிச் சிவப்பு மையை அடித்தாள். விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கும். மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால் உள்ளே போனது கோடாகக் கசிந்து வெளியே வரும். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். துடைத்தாள். வெள்ளை அடித்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"போதுமா?" என்றாள் சின்னவள். குரலில் சைக்கிள் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

பெரியவள் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். துணியை மடிக்கும்போது கண் ஹேண்டிலுக்குக் கீழே அந்த மூன்றாவது கீறலில் பட்டது. அவரே காட்டியது என்பதால் அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சுவரில் சாத்தினால் கீறல் குழாயின் நீளவாக்கில் விழும். இது குறுக்கே, குழாயைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் உதட்டில் மயிரிழையாகத் துரு.

மறுபடி உப்புத்தாள், மறுபடி மை. "இன்னும் எத்தன வாட்டிக்கா" என்று சின்னவள் முனகினாள். மறுபடி பத்து நிமிடம். வெள்ளை அடித்த அடுத்த நொடி, யாரோ சிவப்புப் பேனாவால் இழுத்த மாதிரி, குழாயில் முக்கால் சுற்றுக்குக் கோடு எழுந்தது.

கடைக்காரர் கட்டைவிரலால் அதைத் துடைக்கப் பார்த்தார். கோடு மறுபடி கசிந்தது. விரல்தான் சிவந்தது.

"புதுசு வர்றதுக்கு மொத நாள்கூட இதுலதான் போனா" என்றார். "பின்னாடியே லாரி வந்துச்சுன்னு சொன்னா."

இதுவும் வியாபாரப் பேச்சாக இருக்கலாம் என்று பெரியவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பெஞ்சுக்குக் கீழே குனிந்து இரும்பு ரம்பத்தை எடுத்தார். சக்கரங்களைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டின்மேலேயே அறுக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிடுவாரோ, அவர்கள் போனபிறகு பசை வைத்து வேறு எவருக்காவது தள்ளிவிடுவாரோ என்று பெரியவள் நகராமல் நின்றாள். குழாய் இரண்டாகப் பிரிந்து தொங்கிய பிறகுதான் டப்பாக்களை எடுத்து வைத்தாள்.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ஞாயித்துக்கிழம?"

கடைக்காரர் இரும்புத்தூளை ஊதித் தள்ளினார். "என் பொண்ணும் தேர்வுக்கு வர்றா. அவ பெரியவங்க பிரிவு, காலைலயே முடிஞ்சிடும். உன் ரவுண்டு சாயங்காலம்தான? அவளோட புது ரேஸ் சைக்கிள்லயே ஓட்டு. சீட்ட ஏத்தி எறக்கினா சரியாயிடும்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் எடுத்து வைத்த டப்பாவை மறுபடி வெளியே எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தாள். இன்னும் மிச்சம் இருந்தது.

"அது எங்க இருக்கு?" என்றாள். "கொண்டு வாங்க."

"புதுசுமா அது."

"இருக்கட்டும்."

அவர் தன் சிவந்த கட்டைவிரலை ஒரு முறை பார்த்தார். உள்ளே போனார், சைக்கிளை எடுத்து வர.