கடுகுக்கு வந்த இன்ஸ்பெக்டர்

மண்ணூரில் கடுகுக் கீரை பயிர் செய்கிறவள் நான் ஒருத்திதான். நம்மாட்களுக்குக் கடுகைத் தாளிக்க மட்டும்தான் தெரியும். ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்களோ அந்த இலையைக் கடைந்து கொடுத்தால் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். அவர்களின் விடுதியில் சமையல் நடத்தும் லூர்தம்மாள் வாராவாரம் என் கீரையை வாங்குகிறாள். ஒரு வாரம் கீரை தவறினால் வேறு ஆள் பார்த்துவிடுவாள், அவ்வளவு கறார்.

இந்த மார்கழிப் பனியில் இலையெல்லாம் கருப்பு வட்டமாகப் புள்ளி விழுந்தது. கெட்ட இலையைக் கிள்ளி எரித்துவிட்டு, வேப்பிலையும் பூண்டும் அரைத்து வடிகட்டித் தெளித்தேன். நோய் மட்டுப்பட்டது. அது பொறுக்காமல் என் வீட்டுக்காரர் தேவராஜன் வயலில் இறங்கினார். கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார்.

“ரிஜெக்ட் பீஸை எவனாச்சும் எரிப்பானா? ஆடிட்டுக்கு வோணுமே” என்றார்.

என் கீரைப் பாத்திக்கு எந்த ஆடிட்டர் வரப்போகிறாரோ, முருகனுக்கே வெளிச்சம். அதற்கப்புறம் நான் கிள்ளிய இலைகளை எரிக்க விடாமல் சிவப்புக் கூடையில் போட்டு, பாத்தி நடுவில் வைத்து, ‘ரிஜெக்ட்’ என்று சீட்டும் ஒட்டினார். காற்றிலும் பனியிலும் அந்தக் கூடையிலிருந்தே நோய் பரவி, நல்ல இலையிலும் புள்ளி விழுந்தது. மெத்தப் படித்த மேதாவி!

அதோடு விட்டாரா? பறிப்புக்கு முந்தின நாள் நான் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், வயல் முழுக்க வெள்ளைப் படலம். பூஞ்சண மருந்தைக் கரைத்து அடித்திருக்கிறார்.

“இப்போ பாரு, ஒரு புள்ளி கண்ணுக்குத் தெரியுதா?”

எப்படித் தெரியும்? மருந்தே மூடிக்கொண்டிருக்கிறது.

“பாக்கெட்டுல இன்னா போட்டுக்கீது, படிச்சீங்களா? அடிச்சிட்டு ரொம்ப நாள் கழிச்சுதான் பறிக்கணும்.”

“கழுவிக் குடுத்தா போச்சு. நான் பாஸ் பண்ணிட்டேன்.”

மறுநாள் காலையில் அதே கீரையில் ஒரு பிடி பறித்துக் கழுவி, கடைந்து, சுடுசோற்றோடு அவர் முன்னால் வைத்தேன்.

“சாப்பிடுங்க. நீங்க பாஸ் பண்ண கீரைதான்.”

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கம்பெனி பஸ் வந்துடும்.”

“இன்னும் நேரம் கீது.”

“மருந்தடிச்சத எவனாச்சும் துன்னுவானா?” என்று தட்டைத் தள்ளினார்.

“அந்தப் பசங்க மட்டும் துன்னலாமா? அதுங்களையும் ஒரு ஆத்தாதானே பெத்தா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. லூர்தம்மாளுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

“அக்கா, இன்னிக்குக் கீரை இல்ல. பனியில போயிடுச்சு” என்றார்.

பனியாம்! போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னாலேயே வைத்தேன்.

“பனி இல்லக்கா. என் வூட்டுக்காரர் நேத்து மருந்தடிச்சிட்டாரு. இந்தக் கீரையை யாரும் சாப்பிடக் கூடாது.”

“அப்போ நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன், ராஜலட்சுமி” என்று சொல்லி லூர்தம்மாள் வைத்துவிட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கரில் போட்டேன்.