நேதெல்காவின் ரேடியோ

"விளக்கு ஃபியூஸ் போனா உள்ள இருக்கிறதெல்லாம் செத்துடுமாப்பா?" என்று மகள் ஒருமுறை கேட்டதால்தான், பல்கேரியாவின் பிளவ்திவ் நகரத்து லுபென் பழைய சி.எஃப்.எல். விளக்குகளைப் பிரிக்கத் தொடங்கினார். அவற்றின் டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் அவர் கையில் ஒலிபெருக்கிகளாகிப் பாடின.

விளக்குகளைச் சேர்த்துக் கொடுப்பவர் மாடிவீட்டு மூதாட்டி நேதெல்கா. "இந்தாப்பா குப்பைராஜா, ஷாக் வாங்கிச் சாகாதே!"

இந்த ஈஸ்டருக்கு நேதெல்காவால் கோயிலுக்கு நடக்க முடியாது. காதும் மந்தம், ரேடியோ பூசையும் கேட்காது.

"ரேடியோவைக் குடுங்கக்கா, தூசி தட்டித் தரேன்."

அவர் தந்த விளக்குகளின் பாகங்களால் சின்ன ஒலிபெருக்கி செய்து, லுபென் தனியாக உட்கார்ந்து ரேடியோவுக்குள் பொருத்தி மூடினார்.

"வெறும் தூசிதான்க்கா" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஈஸ்டரன்று பாடற்குழுவின் குரல் மாடியிலிருந்து படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது. லுபென் தன் வீட்டுக்குள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.