மிஸ்ர் மருந்தும் மறைத்த மூட்டையும்

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஷரீஃபுதீன் மளிகைக் கடை வாசலில் கிடந்த வெந்தய மூட்டை, இப்போது பின்கட்டில் அடைக்கோழி மாதிரி கோணிக்குள் ஒளிந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஷரீஃபுதீன் தலையைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாம் கிர்கிஸ் என்பவனால் வந்த வினை. கப்பலில் வந்த அந்த மிஸ்ர், அதாவது எகிப்து நாட்டுக் கோப்திக் கிறிஸ்தவன், வயிற்று நோவோடு இரண்டு வாரம் கடை மாடியில் படுத்திருந்தான். அது அவனுக்கு நோன்புக்காலம். கறி, மீன், நெய் எதையும் தொடமாட்டான். வெந்தயமும் சீரகமும் கொதிக்க வைத்து, தேன் விட்டுக் குடித்தே எழுந்து நடந்தான். போகும்போது அரைகுறை மலாய் மொழியில் சொன்னான்: "பால் குறைஞ்ச தாய்க்கும் எங்க மடத்துல இதைத்தான் குடுப்பாங்க. யார் கேட்டாலும் சொல்லுங்க, மறைக்காதீங்க."

"சத்தியமா!" என்றார் ஷரீஃபுதீன். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அந்தச் சத்தியம் உயிரோடிருந்தது. பிறகு வெந்தயத்தையே வறுத்துப் பொடித்து, வாசனை தெரியாமல் கிராம்பைக் கலந்து, 'மிஸ்ர் பாலைவன வேர்' என்று பொட்டலம் கட்டினார். ஊரே மெச்சியது. மதிப்பை ஏற்ற, "இனி கப்பல் வந்தாத்தான்" என்றும் சொல்லி வைத்தார்.

அப்போதுதான் காஜா பெராங் குடியிருப்பிலிருந்து பாக்கியம் வந்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள், பால் போதவில்லை. கடையில் நாலுபேர் நின்றிருந்தார்கள். ஷரீஃபுதீனின் வாய் தானாகவே, "கப்பல் வரணும் அக்கா" என்றது.

ஐந்தாம் நாள், கப்பல் துறையில் வெயிலில் குடையோடு நின்று அவள் படகுக்காரர்களை விசாரிப்பதைக் கண்டார்.

"தவுக்கே!" என்று முதலாளியைக் கூப்பிட்டாள் பாக்கியம். "கடையை விட்டுட்டு உங்களால தினம் வர முடியாதே, அதான் நானே வந்து பாத்துட்டுப் போறேன். முதல் பொட்டலம் எனக்குத்தான்!"

ஷரீஃபுதீன் திரும்பிக் கடைக்கு ஓடினார்.

"மச்சான், வெந்தயத்த அள்ளிக்கிட்டு எங்க போறீங்க?" என்றாள் மனைவி நூர்ஜஹான்.

"செருப்படி வாங்க."

காஜா பெராங் சந்து முனையிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாக்கியம் அவர் கொண்டுவந்த வெந்தயப் பையை முகர்ந்தாள். உள்ளே போய் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மீன் கறிக்கு வாங்கிய வெந்தயம், கழுத்துவரை.

"அஞ்சு நாளா பிள்ளை கஞ்சித் தண்ணி குடிக்குது, தவுக்கே."

செருப்பைத் தேடி அவள் குனியவில்லை. குனிந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"அடுப்பு அங்க இருக்கு" என்றாள்.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து காய்ச்சினார். மகள் வாங்கிக் குடித்தாள். கசப்பில் முகம் சுளித்தாள்.

"உடனே சுரக்குமா?" என்று கேட்டாள்.

"மூணு நாலு நாள் ஆகும்மா."

"அப்ப முதல் நாளே சொல்லியிருந்தா..." என்று தொடங்கிய பாக்கியம், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஷரீஃபுதீன் குனிந்து ஊதினார். கண்ணில் நீர் வந்தது. புகைதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் இன்னொரு பொய் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.