வேர்வை நின்ற உடம்பு

காசிலிங்கம் செத்த பதினேழாம் நாள், அவன் பெண்டாட்டி சுடலைமாடத்தி ஒரு காகிதப் பொட்டலத்தோடு இசக்கியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவருக்கு மடித்துக் கொடுத்த பொட்டலம் அது.

"அண்ணாச்சி, இது நீங்க அவுகளுக்குக் குடுத்த மாத்திரதானே? எனக்கும் ரெண்டு நாளா நெஞ்சு எரியுது. நாளைக்கு அவுக பாத்தியில உப்பு வாரப் போறேன். எத்தன திங்கணும்?"

இசக்கியப்பன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்குனிக் கடைசியில் அவருக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி ஏறி வந்தது. குனிந்து உப்பு வார முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வாய் காயும், வேர்க்காது. இத சாப்பிடுற வரைக்கும் வெயில்ல வேலை செய்யக் கூடாது. வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்றார். டாக்டர்மார் பேச்சை இசக்கியப்பன் என்றைக்கு நம்பினார்? உப்பளத்துக்காரன் வெயிலில் நிற்காமல் டாக்டர் வீட்டு மாமர நிழலிலா நிற்பான்? இரண்டு நாள் தின்றார். நாக்கு செருப்புத் தோலாகக் காய்ந்தது. வெறுத்துப்போய், அதே எரிச்சலோடு திரிந்த காசிலிங்கத்திடம் மீதியைக் கொடுத்தார். மாத்திரையைத்தான் கொடுத்தார், டாக்டர் சொன்னதைக் கொடுக்கவில்லை.

சித்திரை வெயிலில் தருவைகுளத்துப் பக்கத்து உப்பளத்தில் எல்லார் முதுகும் வேர்த்து, காய்ந்து, வெள்ளை வரி வரியாக உப்புப் பூத்துக் கிடந்தது. காசிலிங்கம் முதுகு மட்டும் காய்ந்த பனையோலை போல இருந்தது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

"ஏலே, ஒன் வேர்வையெல்லாம் லீவு போட்டுட்டுப் போயிட்டோ?" என்றார் இசக்கியப்பன்.

"அண்ணாச்சி மாத்திர அப்படி! எரிச்சலும் போச்சு, வேர்வையும் போச்சு. நாளைக்குச் சேத்துத் திங்கேன் பாருங்க" என்று வெடித்த உதட்டோடு சிரித்தான். மூன்று தின்பவன் ஆறு தின்றான்.

நாலாம் நாள் உச்சியில் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. என்றோ செத்துப்போன தாயை, "எம்மா, தண்ணி" என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு சாய்ந்தான். இசக்கியப்பன்தான் தூக்கினார். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்டது போல உள்ளங்கை சுட்டது. அக்குளில்கூட ஒரு சொட்டு ஈரமில்லை. உச்சிவெயிலில் ஏதோ காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் இசக்கியப்பன்.

அன்றிலிருந்து உச்சிப்பொழுதில், பாத்தித் தண்ணீர் கண்ணைக் குத்தும்போது, எதிர்வரப்பில் அவன் நிற்கிறான். முகத்தைக் காட்டுவதில்லை. அந்தக் காய்ந்த முதுகு மட்டும்தான்.

"என்ன அண்ணாச்சி, கேட்டுக்கிட்டே நிக்கேன்?" என்றாள் சுடலைமாடத்தி.

"அது பழசாயிட்டு ளா. தூரப் போடு."

"பழசானா என்ன? அவுகளுக்கு நல்லாக் கேட்டுச்சே." பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

"ஏளா, நில்லு!" அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அதத் தின்னுட்டு வெயில்ல நிக்காத. அவன் வேர்வைய நிறுத்துனது அதுதான். உள்ளுக்குள்ளயே வெந்துட்டான். டாக்டரு சொன்னாரு, வெயில்ல நிக்கக்கூடாது, யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு. நான் அவன்ட்டச் சொல்லல."

"மறந்துட்டீகளா?"

"மறக்கல."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அவள் முந்தானை முடிச்சை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நடந்தாள். அதை அவிழ்த்து எறியவில்லை.

மறுநாள் காசிலிங்கத்தின் பாத்தியில் அவள் உப்பு வாரினாள். காலையிலிருந்து அவர் பக்கம் திரும்பவில்லை. தின்றாளா, தின்னவில்லையா? இசக்கியப்பனுக்கு வேலை ஓடவில்லை. உச்சி ஏறியது. பாத்தி முழுக்க வெளிச்சம் கொதித்தது. அவள் பலகையை நிறுத்தினாள். கழுத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவர் பக்கமாகத் திரும்பி, அந்தக் கையை விரித்து உயர்த்திக் காட்டினாள். வேர்வை மின்னியது. கண்ணிமைக்காமல் அவரையே பார்த்தபடி நின்றாள். கையை இறக்கவே இல்லை.